கூட்டாக வீடு வாங்கலாமா, கூடாதா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டுமே கையைக் கடிக்கும் செலவு என்பதற்காகச் சொன்னது. ஆனால் இந்த இரண்டுக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கல்யாணத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். இன்றைய விலைவாசியில் வீட்டுக்கும் இன்னொரு ஆள் தேவைப்படுகிறார்!

ஒருவர் சம்பளத்தில் வீடு வாங்குவது பலருக்கு முடியாத காரியமாகிவிட்டது. அதனால் கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்குகிறார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்குகிறார்கள். சில இடங்களில் ஒன்றாக வேலை பார்க்கும் நண்பர்களே சேர்ந்து வாங்குகிறார்கள். ஒரே பத்திரம், இரண்டு பெயர், கூட்டுப் பட்டா. இது நல்லதா, கெட்டதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏன் என்று பார்க்கலாம்.

மலை மேல் ஒரு கூட்டு வீடு

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். எல்லாரும் அறிவர் கோயில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, தாமரைக் குளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பிவிடுவார்கள். அதே மலையில் ஏழடிப்பட்டம் என்று ஒரு குகை இருக்கிறது. பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகள் அங்கே உள்ளன. தலை வைக்கும் இடம் தலையணை மாதிரி சற்று உயர்த்தப்பட்டிருக்கும். சமண முனிவர்கள் தங்கிய இடம் அது.

இதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அந்த முனிவர்கள் சொத்தே வேண்டாம் என்று வந்தவர்கள். குகை ஒன்றுதான், கூரை ஒன்றுதான். ஆனாலும் படுக்கைகள் தனித்தனி! அவற்றில் ஒரு படுக்கையில் ஏறக்குறைய 2000 ஆண்டுகள் பழமையான தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. யாருக்காகச் செய்தது, அவர் எந்த ஊரில் பிறந்தவர், செய்து கொடுத்தது யார் என்பதெல்லாம் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. துறவிகள் படுத்த கல்லுக்கே இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்கள் "நமக்குள்ள என்ன எழுத்து?" என்று விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நன்மைகள்

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம்.

ஒன்று, கடன் அதிகம் கிடைக்கும். வங்கி வருமானத்தைப் பார்த்துத்தான் கடன் தருகிறது. இரண்டு பேர் வருமானத்தைச் சேர்த்துக் காட்டினால் கடன் தொகை கூடும், மாதத் தவணையும் இரண்டாகப் பிரியும்.

இரண்டு, வருமான வரி. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. கூட்டு உரிமையாளர்கள் இருவரும் சேர்ந்து கடன் வாங்கி, இருவரும் தவணை கட்டினால் இந்தக் கழிவு ஆளுக்குத் தனித்தனியாகக் கிடைக்கும். ஆனால் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தானே குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. "வரி மிச்சம்" என்று யாராவது ஆசை காட்டினால் எந்த முறை என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்று, பெண்களுக்குப் பாதுகாப்பு. சம்பாதிக்கும் மனைவி பாதித் தவணை கட்டுகிறார், பத்திரம் மட்டும் கணவன் பெயரில் என்றால் அது நியாயமில்லை. பத்திரத்தில் பெயர் இருந்தால்தான் நாளைக்குப் பேச ஒரு பிடி இருக்கும்.

நான்கு, பெற்றோருக்கு ஒரு இடம். இதுதான் கிராமத்தில் முக்கியமான காரணம். அண்ணன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பான், தம்பி உள்ளூரில் இருப்பான். இருவரும் சேர்ந்து ஊரில் ஒரு வீடு வாங்கினால் அம்மா வாடகை வீட்டில் இருக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு வர ஒரு வாசல் இருக்கும். இதைப் பணத்தால் கணக்குப் போட முடியாது.

தீமைகள்

இனி மறுபக்கம். ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். சித்தன்னவாசல் பக்கத்தில் 24 லட்சத்துக்கு ஒரு வீடு. அண்ணன் 16 லட்சம் போடுகிறான், தம்பி 8 லட்சம். பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பது மட்டும் இல்லை. தம்பி குடும்பத்தோடும் அம்மாவோடும் அங்கே குடியிருக்கிறான். சில வருடம் கழித்து வீட்டின் மதிப்பு 36 லட்சமாகிறது. அண்ணனுக்குப் பணம் தேவைப்படுகிறது, பங்கைக் கேட்கிறான்.

அண்ணன் கணக்கில் அவனுக்கு 24 லட்சம், தம்பிக்கு 12 லட்சம். தம்பி கணக்கு வேறு. வீட்டு வரி அவன் கட்டினான், மாடியில் ஒழுகியதைச் சரி செய்தான், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். "பத்திரத்தில் ரெண்டு பேர்தானே, ஆளுக்குப் பாதி" என்கிறான். பாதி என்றால் 18 லட்சம். வித்தியாசம் 6 லட்சம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 45ஆவது பிரிவு. தனித்தனியாகப் பணம் போட்டு வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், போட்ட பணத்தின் விகிதப்படி பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் சம பங்கு என்றே எடுத்துக்கொள்ளப்படும். அதாவது அண்ணன் 16 லட்சத்தையும் வங்கி வழியாக அனுப்பியிருந்தால் பிழைத்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் கையில் கொடுத்திருந்தால் 6 லட்சம் போச்சு. இருவரில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இதில் வேதனை. ஒரு வரி எழுதாததால் வந்த சண்டை.

அடுத்தது கடன். கூட்டுக் கடனில் "என் பாதியை நான் கட்டிவிட்டேன்" என்ற பேச்சே கிடையாது. ஒருவர் நிறுத்திவிட்டால் வங்கி முழுத் தொகையையும் மற்றவரிடம் கேட்கலாம். தவணை தவறினால் இருவருடைய கடன் மதிப்பெண்ணும் கெடும். தம்பி செய்த தவறுக்கு அண்ணனுக்கு வண்டிக் கடன் கிடைக்காமல் போகலாம்.

மூன்றாவது, வெளியாள். கூட்டாளி தன் பிரிக்கப்படாத பங்கை மற்றவரைக் கேட்காமலே விற்கலாம், சட்டத்தில் தடை இல்லை. குடும்ப வீடாக இருந்தால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. பங்கை வாங்கிய வெளியாள் நேராக உள்ளே வந்து கூடவே குடியிருக்க முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், அந்தப் பங்கை மதிப்பிட்ட விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்க 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் வாங்கக் கையில் பணம் வேண்டுமே? நண்பர்கள் சேர்ந்து வாங்கிய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை.

நான்காவது, மரணம். இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. ஆனால் பேசியாக வேண்டும். சிங்கப்பூரில் இருவர் கூட்டாக வீடு வாங்கும்போது, ஒருவர் இறந்தால் முழு வீடும் மற்றவருக்கே போகும்படியும் வாங்கலாம், பங்கு பிரித்தும் வாங்கலாம். அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இந்து ஆணாக இருந்தால் அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு. இரண்டு பேர் வாங்கிய வீட்டுக்கு ஒரே நாளில் ஐந்து உரிமையாளர்கள்! அதில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். தம்பி எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அண்ணியும் மனசார சம்மதித்தாலும், அவசரத்துக்கு விற்க முடியாது.

ஐந்தாவது, பத்திரத்தில் பெயரே இல்லாத பங்காளி. அக்கா நகையை அடகு வைத்து 3 லட்சம் கொடுத்திருப்பாள். "எனக்குப் பேர் எதுக்குடா, நீங்க நல்லா இருங்க" என்றும் சொல்லியிருப்பாள். பிறகு அக்காவுக்கு ஒரு கஷ்டம் வந்து, அந்த வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று கேட்டால் பினாமி தடைச் சட்டம் குறுக்கே நிற்கும். 2016இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம் உடன்பிறந்தவர்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பணம் போட்டவர் பெயரும் ஏதாவது ஓர் ஆவணத்தில் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கூட்டு வீட்டில் மிக அதிகமாக ஏமாறுவது இப்படிப் பெருந்தன்மையாக ஒதுங்கி நின்றவர்கள்தான். அக்கா கொடுத்தது கடன் என்றால் கடன் என்று எழுத வேண்டும். பங்கு என்றால் பெயர் போட வேண்டும்.

பிரிக்கலாமே?

"சண்டை வந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாமே, இதில் என்ன கஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். வயலைப் பிரிக்கலாம், நடுவில் ஒரு வரப்பு போட்டால் முடிந்தது. வீட்டில் சமையலறை ஒன்று, வாசல் ஒன்று, கிணறு ஒன்று. நடுவில் சுவர் வைத்தால் இருவருக்குமே உதவாத இரண்டு வீடுகள் மிஞ்சும்.

கோர்ட்டுக்குப் போனால் முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பு. பிறகு ஆணையர் வந்து வீட்டை அளப்பார். பிறகு இறுதித் தீர்ப்பு. நியாயமாகப் பிரிக்க முடியாத வீடு என்றால், பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர் கேட்டால் நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். மற்றவர் மதிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இதற்குள் எத்தனை வாய்தா, எத்தனை வக்கீல் பீஸ்!

சித்தன்னவாசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையில் உள்ள சின்னங்கள் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டக் கூடாது. அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்டுவதற்கும் முன் அனுமதி வேண்டும். பொதுவாக ஊரில் அண்ணன் தம்பி தகராறு எப்படித் தீரும்? "நீ முன் வீட்டை வைத்துக்கொள், நான் கொல்லையில் ஒன்று கட்டிக்கொள்கிறேன்" என்றுதான் தீரும். இந்த எல்லைக்குள் வாங்கிய வீட்டில் அந்த வழியும் எளிதாகக் கிடைக்காது. விலை மலிவு என்று வாங்கும் முன் இதை விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டில் எப்படி?

லண்டன் பக்கம் இருக்கும் தமிழர்களுக்குப் "பங்கு உடைமை" என்ற திட்டம் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் வீட்டுவசதிச் சங்கம் போன்ற ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து வீடு வாங்கும் முறை அது. 2021இல் வந்த புதிய விதிப்படி வீட்டின் 10 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை முதலில் வாங்கலாம். மீதிப் பங்குக்கு வாடகை. பணம் சேரச் சேர பங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம், படி ஏறுவது மாதிரி.

அதிலும் குறை உண்டு. பழைய ஒப்பந்தங்களில் கால் பங்கு வாங்கியவரும் பழுதுச் செலவு முழுவதையும் தானே ஏற்க வேண்டியிருந்தது. வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. யார் பங்கு எவ்வளவு, வாடகை எவ்வளவு, பங்கைக் கூட்டுவது எப்படி, விற்பது எப்படி என்று எல்லாமே முதல் நாளே காகிதத்தில் இருக்கும். பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிடலாம். ஊரில் நடக்கும் கூட்டு வீட்டில் நிபந்தனைகள் சண்டை வந்த பிறகுதான் வெளியே வருகின்றன.

கிணற்றுப் பங்கு

"அது வெள்ளைக்காரன் வழக்கம். அண்ணன் தம்பிக்குள் ஒப்பந்தம் எழுதினால் அசிங்கம் இல்லையா?" இது எல்லாருக்கும் வரும் கேள்வி. இதற்குப் பதில் நம் ஊர்ப் பழைய பத்திரங்களிலேயே இருக்கிறது.

மழையையும் கண்மாயையும் நம்பிப் பிழைக்கும் மாவட்டம் புதுக்கோட்டை. இங்கே கிணறு என்பது உயிர். பங்காளிகளுக்குள் பொதுக் கிணறு இருந்தால் நிலப் பத்திரத்தில் "கிணற்றில் நாலில் ஒரு பங்கு" என்று எழுதியிருக்கும். மோட்டாரில் பங்கு, போக வரப் பாதை, வாய்க்கால் எல்லாமே எழுதியிருக்கும். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறையும் இருக்கும். தாத்தாக்கள் ஒருவரை ஒருவர் நம்பாமலா இப்படி எழுதினார்கள்? இல்லை. தண்ணீர் குறையும் வருடத்திலும் பங்காளிகள் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக எழுதினார்கள். ஒரு கிணற்றுக்கு இவ்வளவு எழுதியவர்களின் பேரன்கள் ஒரு வீட்டுக்கு எழுதினால் என்ன அசிங்கம்?

எழுத வேண்டியது இவ்வளவுதான்:

1. யாருக்கு எவ்வளவு பங்கு. இதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பணம் வங்கி வழியாகவே போக வேண்டும்.

2. தவணை, வீட்டு வரி, பழுதுச் செலவு யார் யார் எவ்வளவு. குடியிருப்பவர் மற்றவருக்கு வாடகை தர வேண்டுமா, இல்லையா.

3. அம்மாவோ அப்பாவோ இருக்கும்வரை வீட்டை விற்பதில்லை என்றால் அதுவும்.

4. ஒருவர் விலக நினைத்தால் முதலில் மற்றவருக்குத்தான் விற்க வேண்டும். விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் பணம் தருவது.

5. ஒருவர் இறந்தால் என்ன. ஆளுக்கு ஒரு உயில், கடன் தொகைக்கு ஈடான ஆயுள் காப்பீடு.

இதை வக்கீலிடம் காட்டி முறையாக எழுதிப் பதிவு செய்துவிட்டால், பிறகு "நான் சொல்லவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

உடன்பிறந்தவர்கள் பின்னால் பிரிவதற்கு அரசே ஒரு சலுகையும் வைத்திருக்கிறது. குடும்பத்தாருக்குள் செய்யும் பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அது 25 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரமாகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4 ஆயிரத்திலிருந்து 10 ஆயிரமாகவும் உயர்த்தப்பட்டன. உயர்ந்த பிறகும் கோர்ட் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. நண்பர்களுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. ஒருவர் பங்கை மற்றவர் வாங்க மறுபடியும் பெரிய செலவு.

முடிவாக...

கணவன் மனைவி சேர்ந்து வாங்குவது நல்லது. இருவர் பெயரும், இருவர் பங்கும் பத்திரத்தில் இருக்கட்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து வாங்கலாம், மேலே சொன்னதை எழுதிவிட்டு. நண்பர்கள் சேர்ந்து ஒரே வீட்டை வாங்குவதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். ஆசை இருந்தால் அங்கீகாரம் பெற்ற இரண்டு மனைகளைப் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனிப் பத்திரமாக வாங்கட்டும். நட்பும் இருக்கும், மனையும் இருக்கும்.

எழுதச் சொன்னால் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால்? அதுவும் நல்லதுதான். வீடு வாங்கும் முன்பே தெரிந்துவிட்டதே! 24 லட்சம் போட்ட பிறகு தெரிந்தால் வீடும் போய், அண்ணனும் போய், நடுவில் அம்மா யார் பக்கம் சோறு சாப்பிடுவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள்.

சித்தன்னவாசல் மலையில் 17 படுக்கைகள் ஒரே கூரையின் கீழே இன்றும் இருக்கின்றன. ஒன்றாக இருக்கலாம். ஆனால் எது யாருடையது என்பதைச் செதுக்கிவிட்டுப் படுக்க வேண்டும்.